மதில் பக்கத்து நேர்முக வர்ணனை

பின்னேரம் நாலரை மணிக்கு எங்கள் வீட்டு மதிலில் முழங்கையை ஊன்றினால், பகல் முழுக்க வெயிலில் கிடந்த சீமெந்து முதலில் தோலைச் சுடும், பிறகு மெல்ல மெல்ல ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். பத்து நிமிடத்தில் கை விறைத்துப்போகும், இருபது நிமிடத்தில் அது என்னுடைய கை என்பதே மறந்துபோகும், ஆனாலும் அந்தக் கையில்தான் கைத்தொலைபேசி இருந்தது, அதன் மறுமுனையில் அண்ணை இருந்தார், ஆகவே கையை எடுக்க முடியாது. விளையாட்டு வர்ணனை என்றதும் மற்றவர்களுக்கு வானொலியும் ஒலிபெருக்கியும் சனத்தின் ஆரவாரமும் நினைவுக்கு வரலாம். எனக்கு முதலில் வருவது விறைத்துப்போன அந்த முழங்கைதான்.

எங்கள் ஊர் கொழும்புத்துறைக்குக் கிட்டவாக, கடலோடு ஒட்டிக் கிடக்கும் சின்னதொரு கத்தோலிக்கப் பங்கு. வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் மாதா கோயிலுக்குச் சொந்தமான உதைபந்தாட்ட மைதானம். மணிக்கோபுரத்துக்கு முன்னால் நின்ற கம்பங்களுக்குக் "கோயில் கோல்" என்று பெயர், எதிரே நின்றது "கடல் கோல்". நீளவாட்டில் ஒரு கோடு எங்கள் மதிலை உரசிக்கொண்டு போகும், அது "மதில் பக்கம்", மற்றது வலை காயப்போடும் வெளியோடு போகும், அது "வலைப் பக்கம்". கடல் கோலுக்கு முன்னால் மாரியில் தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளம். அதற்கு யாரோ ஒரு பகிடிக்காரன் "குளம்" என்று பெயர் வைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வெளியூர் அணிகள் குளத்தில் வழுக்கித்தான் எங்களிடம் தோற்றன என்பது எதிராளிகளின் கதை. அதை முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

அண்ணை றொபின் எங்கள் கழகத்தின் கோல் காப்பாளர். எனக்கு அவர் பதினொரு வயது மூத்தவர். கோயில் பெருநாளும் அதையொட்டிய உதைபந்தாட்டப் போட்டியும் நடக்கும் காலத்தில் ஒலிபெருக்கிக்காகக் கோயிலின் பின்னால் வைக்கும் ஜெனரேற்றரைக் கயிறு இழுத்துத் தொடக்கிவிடுவதும் அவருடைய வேலைதான், ஏனென்றால் மின்சாரத்தை நம்பிப் பெருநாள் நடத்த எங்கள் ஊரில் யாரும் துணிவதில்லை. எனக்குப் பத்து வயதான வருடம், பெருநாள் இறுதிப்போட்டிக்கு முதல்நாள், அவர் பிரான்சுக்குப் புறப்பட்டுப் போனார். அப்படிப் போகிறவர்கள் வாய் திறப்பதில்லை. கதை வெளியே போனால் பயணம் குழம்பிவிடும் என்று ஊரில் ஒரு பயம். அம்மாவுக்குத் தெரியும். அம்மாவின் தமையன் பெரியமாமாவுக்குத் தெரியும், ஒழுங்குகளைச் செய்தவரே அவர்தான். அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை, சொன்னால் மறித்துவிடுவார் என்று. அடுத்தநாள் கழகம் மாற்றுக் காப்பாளரோடு இறங்கி நாலு கோல் வாங்கித் தோற்றது. அப்பா மதில் பக்கம் கொடியோடு கடைசிவரை நின்றார்.

அப்பா விடியக் கடலுக்குப் போகிறவர், பின்னேரம் கழகத்தின் லைன்ஸ்மன். அம்மாவின் பழைய சிவப்புப் பாவாடையில் கிழித்த துணியை ஒரு தடியில் கட்டிய கொடி அவருடையது. முன்பொருமுறை வள்ளத்தைக் கரையேற்றும்போது அது சறுக்கி இடது முழங்காலில் விழுந்ததால் கோட்டோடு அவரால் ஓடமுடியாது, கெந்திக் கெந்தி நடப்பார். பந்து கோட்டைத் தாண்டினால் "வெளியாலை!" என்று ஒரு சத்தம் போடுவார், அது கடற்கரைவரை கேட்கும். சொந்தக் கழகத்துக்கு எதிராகவும் தயங்காமல் கொடி தூக்குவார். ஏனென்று கேட்டால் "கொடிக்குச் சொந்தபந்தம் இல்லை" என்பார். அண்ணை போய்ச் சேர்ந்து முதன்முதல் போன் எடுத்த அன்று அம்மா அழுதழுது போனை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "அவன் சொல்லாமல் போனவன். நான் கதைக்காமல் இருக்கிறன்," என்றார். இரண்டு வருடம் அப்படியே இருந்தார்.

அம்மாவோடும் அண்ணையால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்க முடியாது. சாப்பிட்டியோ என்று அம்மா கேட்பார், ஓம் என்பார், அதோடு அம்மாவுக்கு அழுகை வந்துவிடும், போன் என் கைக்கு வரும். எனக்கு அவரோடு என்ன கதைப்பது என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துச் சத்தம் போனுக்குள் கேட்டிருக்கவேண்டும், "உங்கை மட்ச் நடக்குதோ? பிள்ளை, மதிலடியிலை ஏறி நிண்டு சொல்லு பாப்பம்," என்றார். மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று நான் செய்த முதலாவது நேர்முக வர்ணனை இதுதான்: "ஐயோ அண்ணை, அடிக்கப்போறான், அடிச்சிட்டான், ஐயோ, இல்லை, ஓம், ஐயையோ!" அண்ணை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆரடி அடிச்சது? எந்தக் கோலுக்கு? ஆள் உயிரோடை இருக்கிறானோ?" என்றார்.

நான் கற்றுக்கொண்டது முழுக்க இப்படி வாங்கின ஏச்சில்தான். "பந்து எங்கை? முதல் அதைச் சொல்லு. பிறகு ஆரிட்டை. பிறகு ஆர் மறிக்கிறான். மிச்சமெல்லாம் பிறகு." இடம், வலம் என்று சொல்லித் தொடங்கினேன்; யாருடைய இடம், யாருடைய வலம் என்று எரிந்து விழுந்தார். அதன்பிறகுதான் கோயில், கடல், மதில், வலை என்ற நாலையும் பிடித்துக்கொண்டேன். "மதில் பக்கம், அரைக்கோட்டுக்குக் கிட்ட, ஏழாம் நம்பரிட்டைப் பந்து, கடல் கோலைப் பாத்துப் போறான், குளம் வருது, குளத்தைச் சுத்தி எடுத்திட்டான்" என்றால் அவருக்குக் காணும், அதற்குமேல் தேவையில்லை. அந்த நிலத்தில் எந்த இடத்தில் கல் கிடக்கிறது, எந்த இடத்தில் பந்து துள்ளாது என்று அவருடைய காலுக்குத் தெரியும். கோல் விழுந்தால் முதலில் சொல்லவேண்டும், பிறகுதான் கத்தவேண்டும், ஏனென்றால் கத்திக்கொண்டு சொன்னால் போனுக்குள் இரைச்சல் மட்டுமே போகும். ஒன்றும் நடக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லவேண்டும். இந்தக் கடைசிப் பாடம்தான் எனக்குப் பிடிபட நாளெடுத்தது.

மைதானத்தில் ஒலிபெருக்கி வர்ணனையும் ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. அதைச் செய்தவர் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், ஊர் அவரை "மைக் மாஸ்டர்" என்றே கூப்பிடும். செந்தமிழ் அவருடைய வாயில் அருவியாகக் கொட்டும், ஆனால் பந்து எங்கே கிடக்கிறது என்பது மட்டும் அதில் இருக்காது. கிண்ணம் அன்பளிப்புச் செய்த நோர்வேக்காரர், பந்து வாங்கித் தந்த கனடாக்காரர், சோடா தந்த கடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி அவர் நிமிர்வதற்குள் இரண்டு கோல் விழுந்திருக்கும். அவரைக் கேட்டுக் கேட்டு நானும் ஒருநாள் "வீறுகொண்ட வேங்கையென" என்று தொடங்கினேன். "வேங்கை கிடக்கட்டும், பந்து எங்கை?" என்றார் அண்ணை.

பிறகு வீட்டில் கண்டதையெல்லாம் வர்ணித்துப் பழகினேன். கோழி குஞ்சுகளோடு கிணற்றடிக்குப் போவதை, பேருந்து சந்தியில் திரும்புவதை, அப்பா கிழிந்த வலையைப் பொத்துவதை. அம்மா மீன் பொரிக்கும்போது, "அடுப்புப் பக்கம் அம்மா, கையில் அகப்பை, இரண்டாவது மீனைப் பிரட்டப் போகிறார், பிரட்டிவிட்டார், வால் முறிந்துவிட்டது" என்று நின்றேன். "வாய் பாத்தது காணும், தேங்காயைத் துருவு," என்றார் அம்மா. அப்பா முற்றத்தில் இருந்தபடி சிரித்தார், அதையும் சேர்த்து வர்ணித்தேன்.

அண்ணை சொன்னதில் எல்லாவற்றையும்விட இறுக்கமான சட்டம் ஒன்று இருந்தது. ஒருநாள் எங்கள் பக்கத்து ஆள் அடித்த பந்து கம்பத்தில் படுவதற்கு முன்பே நான் "கோல்!" என்றுவிட்டேன். அங்கே அவர் தன் அறையில் தனியாக நின்று குதித்துக் கத்தியிருக்கிறார். இல்லை அண்ணை, கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது என்றேன். "பக்கத்து அறைக்காரன் வந்து கதவிலை அடிக்கிறான்," என்றார் பிறகு. "இஞ்சை பார், நீ விரும்புறதைச் சொல்லாதை. நடக்கிறதைச் சொல்லு. நான் உன்னை நம்பித்தானே நிக்கிறன்."

ஒவ்வொரு போட்டியிலும் இடையில் ஒருதரம், பந்து வெளியே போய் எடுத்துவரும் இடைவெளியில், "அப்பா எங்கை நிக்கிறார்?" என்று கேட்பார். முதலில் ஓஃப்சைட் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு அப்பா கிடைத்தது அந்த ஒரு வழியில்தான் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கை நிக்கிறார், என்ன உடுத்திருக்கிறார், கால் எப்படி, கொடியை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று கேட்பார், நான் சொல்வேன். அப்பாவுக்கும் இது தெரியும். நான் போனோடு நிற்கும் இடத்துக்குக் கிட்ட வரும்போது அவருடைய "வெளியாலை!" வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஒருநாள் என்னைப் பார்க்காமலேயே, "காப்பாளர் ஒரு அடி முன்னுக்கு வந்திருக்கவேணும் எண்டு சொல்லு," என்றார். நான் அதை என்னுடைய கருத்தாகவே போனுக்குள் சொன்னேன். "உது நீ சொல்லேல்லை, உது அப்பான்ரை கதை," என்று அண்ணை அடக்கமுடியாமல் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் துணிவு தந்தது. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒருநாள், கொடித்தடியைச் சீவிக்கொண்டிருந்த அப்பாவிடம், இறுதிப்போட்டியன்று அண்ணையோடு கதைப்பீர்களா என்று கேட்டேன். அவர் தடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்துவிட்டு, "பாப்பம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் ஊரில் "பாப்பம்" என்றால் ஓமாகவும் இருக்கலாம், இல்லையாகவும் இருக்கலாம், விட்டுவிட்டு எழும்பிப் போ என்பதாகவும் இருக்கலாம். அடுத்த அழைப்பில் நான் அண்ணையிடம், "பெருநாளண்டு அப்பா உங்களோடை கதைப்பாராம்," என்றேன். நடந்ததைச் சொல்லவில்லை, விரும்பியதைச் சொன்னேன். "மெய்யோடி?" என்று மூன்றுதரம் கேட்டார்.

பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது அப்பா கரையில் வலை இறக்கிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பெட்டிக்குள் வைத்ததும், சேமக்காலையில் குழிக்குள் இறக்கியதும் எனக்கு ஒழுங்காக நினைவிருக்கிறது. அழுதது மட்டும் நினைவில்லை, அழவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் ஒரு குரல், "கோயில் பக்கம் போகிறது பெட்டி, நாலுபேர் தூக்குகிறார்கள், முன்னுக்கு அப்பாவோடு கடலுக்குப் போகிற அந்தோனி மாமா" என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனது.

அடக்கம் முடிந்த அன்றே பெரியமாமா தீர்மானம் சொன்னார். பெருநாளுக்கு அடுத்த கிழமை அண்ணைக்கு அங்கே அகதி விண்ணப்ப விசாரணை. இப்போது தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டெறிந்துவிட்டு வந்துவிடுவான், வந்தால் திரும்பிப் போகமுடியாது. விசா கையில் கிடைக்கும்வரை மூச்சுவிடக் கூடாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சாவை மறைப்பது எங்கள் பக்கத்தில் புதினமில்லை, அதற்கென்று ஒரு நடைமுறையே இருக்கிறது. இணையத்தில் மரண அறிவித்தல் போடவில்லை. பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிற ஊர்ச்சனத்துக்கெல்லாம் மாமா போன் எடுத்து வாயைக் கட்டினார். எங்கள் வீட்டில் அது இன்னும் சுலபமாக இருந்தது. அப்பாதான் ஏற்கெனவே போனில் கதைப்பதில்லையே. "பிள்ளை, வாய் தவறிப்போகாதை," என்றார் அம்மா என்னிடம். "எங்கை எண்டு கேட்டால் எப்பவும் நிக்கிற இடத்திலை நிக்கிறார் எண்டு சொல்லு."

இறுதிப்போட்டியன்று அண்ணை வழமைக்கு மாறாகப் பத்து நிமிடம் முந்தியே எடுத்தார். அப்பா கதைப்பார் என்று காத்திருந்திருக்கிறார். நான் மீன்பெட்டியில் ஏறியபோது இரண்டு அணியும் நடுவில் வரிசையாக நின்றன, எங்கள் பெடியளின் கையில் கறுப்புப் பட்டி. மைக் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். என்ன வரப்போகிறது என்று விளங்கிப் போனை வயிற்றோடு சேர்த்து அழுத்திக் கிணற்றடிக்கு ஓடினேன். எங்கள் கழகத்தின் நீண்டகால லைன்ஸ்மனுக்காக ஒரு நிமிட மௌனம் என்று அவர் முதன்முறையாகச் சுருக்கமாகப் பேசினார். சனம் முழுக்க வாய் மூடியது. போனைக் காதில் வைத்தேன்.

"உங்கை என்ன, ஒரு சத்தத்தையும் காணேல்லை?"

"கரண்ட் போட்டுது அண்ணை," என்றேன், மின்சாரம் நின்றுவிட்டதாக.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு விசில் ஊதிற்று, சனம் இரைந்தது, நான் மதிலுக்குத் திரும்பி ஓடினேன்.

"அப்பா எங்கை நிக்கிறார்?"

"மதில் பக்கம். எப்பவும் நிக்கிற இடத்திலை."

அந்த இடத்தில் அப்பாவின் கொடியோடு நின்றது அவருடைய தொழில் கூட்டாளி அந்தோனி மாமா. அவர் கொடி பிடிப்பது அதுதான் முதல்தரம். நான் நிற்கும் இடத்திலிருந்து மூன்று முழத்தில் நின்றார், நான் சொல்வதெல்லாம் அவருக்குக் கேட்கும். அண்ணை அன்றைக்குப் பந்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. அப்பா என்ன செய்யிறார், இப்ப எங்கை, இப்ப எங்கை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பந்து கடல் கோலுக்குப் பாய்ந்தபோது, "அப்பா ஓடுறார் அண்ணை," என்றேன்.

"ஓடுறாரோ?"

"ஓம். நல்லா ஓடுறார்."

அதுவரை நடந்துகொண்டிருந்த அந்தோனி மாமா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். அதிலிருந்து நான் ஓடுகிறார் என்றால் அவர் ஓடினார், நிற்கிறார் என்றால் நின்றார். ஒருதரம் பந்து மதிலில் வந்து மோதியபோது, "அப்பா கத்தினவர், கேட்டதோ?" என்று கேட்டேன். அந்தோனி மாமா வாய் திறக்கவில்லை. "ஓம், கேட்டது," என்றார் அண்ணை. தப்பினேன் என்று நினைத்தேன். இடைவேளையோடு அவர் காசு கட்டி வாங்கும் போன் காட் எப்போதும் முடிந்துவிடும், அன்றைக்கு இன்னொரு காட் போட்டுத் திரும்ப எடுத்தார். நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். என் வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக, ஒரு சொல் தடக்காமல், மூச்சு எங்கே எடுப்பது என்று தெரிந்து நான் அதுவரை வர்ணித்ததில்லை. "நல்லாச் சொல்லுறாய், பிள்ளை. சொல்லு, நிப்பாட்டாதை," என்று இரண்டுதரம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

கடைசி விசிலுக்குப் பிறகு அவர் போனை வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கதைப்பார் என்று சொன்னவளே நான்தான். அம்மா இதற்கு ஒரு பதிலும் சொல்லித் தந்திருக்கவில்லை. "அப்பாவுக்கு இன்னும் கோபம் போகேல்லையாம் அண்ணை," என்றேன். அதைவிட வேறெதுவும் எனக்கு அந்த நேரம் வரவில்லை.

"சரி," என்றார். "பரவாயில்லை எண்டு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். மதிலில் இருந்து கையை எடுத்தபோது அது தொங்கிற்று, உதறி உதறிப் பார்த்தும் உயிர் வரக் கனநேரம் பிடித்தது. அன்றைக்கு விறைத்தது கை மட்டும் இல்லை என்று பிறகு எனக்குத் தெரிந்தது. பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தபோதும், வீட்டுக் கூரை புயலில் போனபோதும், "இது நடக்கிறது" என்று ஒரு குரல் சொல்லும், நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். செத்தவரை ஓடவைத்ததற்கு நான் வருந்தவில்லை. செத்தவரைக் கதைக்கமாட்டேன் என்று சொல்லவைத்ததுதான் என்னை விட்டுப் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து விசா கிடைத்தது. பெரியமாமா போன் எடுத்துச் சொன்னார். அண்ணை அழுதார், இன்றுதான் கேட்பவர்போல எல்லாம் விசாரித்தார், நாங்களும் நம்பினோம். போட்டி வர்ணனை அதோடு நின்றுவிட்டது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஒலிவாங்கி என் கைக்கு வந்தது, மைக் மாஸ்டருக்குத் தொண்டை இயலாமல் போன வருடம் கழகத்தின் ஒலிவாங்கியும் வந்தது. பெண்பிள்ளை மைதானத்தில் நின்று கத்துவதா என்று முணுமுணுத்தவர்களும் ஒரு கிழமையில், "அவள் சொன்னால் பந்து எங்கை எண்டு விளங்குது," என்றார்கள்.

அண்ணை பன்னிரண்டு வருடம் கழித்துப் போன வருடம்தான் ஊருக்கு வந்தார். வந்த அன்றே சேமக்காலைக்குப் போனார், தனியாகப் போகிறேன் என்று எங்களை மறித்துவிட்டார். பின்னேரம் இருவரும் பழைய மதில் நின்ற இடத்தில் நின்றோம். கொஞ்சநேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்டைக்குக் கரண்ட் போட்டுது எண்டு சொன்னாய், நினைவிருக்கோ?" என்றார்.

"ஓம்."

"ஜெனரேற்றர் ஓடினது, பிள்ளை."

பெருநாள் முழுக்க ஓடும் அந்தச் சத்தம் எங்கள் காதுக்குப் பழகி இல்லாமலே போய்விட்டது. வருடக்கணக்காகக் கயிறு இழுத்தவருக்கு அது பிரான்சிலும் கேட்டிருக்கிறது. ஜெனரேற்றர் ஓட, மைக்கும் சனமும் ஒரே நேரத்தில் வாய் மூடினால் அது எதற்கு என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாருக்காக என்பதைத்தான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ ஓடுறார் எண்டாய். அந்தக் காலோடை. அப்பவே விளங்கீட்டுது."

"பிறகேன் போனை வைக்கேல்லை?"

"நீ சொல்லுறவரைக்கும் அவர் ஓடிக்கொண்டிருந்தவர். வைச்சால் நிண்டிடுவார்."

அடுத்த கிழமை விசாரணையில் தகப்பன் இருக்கிறாரா என்று கேட்டார்களாம். இருக்கிறார், உதைபந்தாட்டத்துக்கு லைன்ஸ்மனாக நிற்கிறார் என்று சொன்னாராம். எனக்கு அதற்கும் அழுகை வரவில்லை. இத்தனை வருடமாக வைத்திருந்ததை மட்டும் சொன்னேன்: கோபம் போகேல்லை என்று நான் சொன்னது பொய், கதைப்பார் என்று அதற்கு முதல் சொன்னதும் பொய், அப்பா சொன்னது "பாப்பம்" என்ற ஒரு சொல் மட்டும்தான்.

"பாப்பம் எண்டவரோ?" என்று திரும்பக் கேட்டார். அவருடைய முகத்தைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தபடி ஓம் என்றேன்.

"அது காணும்," என்றார் அண்ணை.

திரும்பிப் போகும்போது விமான நிலைய வாசலில் வைத்து இன்னொன்றும் சொன்னார். "நேரலையிலை உன்ரை எல்லா மட்ச்சும் பாக்கிறனான். எல்லாரையும் சொல்லுறாய். மதில் பக்கம் கொடி பிடிக்கிறவரை மட்டும் ஒருநாளும் சொல்லுறேல்லை." யோசித்துப் பார்த்தேன், மெய்தான்.

இப்போது அந்த மதில் இல்லை, விருந்தினர் கொட்டகைக்காக இடித்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள், ஆனாலும் அந்தக் கோட்டுக்குப் பெயர் இன்னும் "மதில் பக்கம்"தான். குளத்தைக் கிரவல் மண் போட்டு நிரவியாயிற்று. வலை காயப்போட்ட வெளியில் மோட்டார்சைக்கிள்கள் நிற்கின்றன. போன் காட் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. மூன்று கமராக்களில் போட்டி உலகம் முழுக்கப் போகிறது, பார்க்கிறவர்களுக்கு என் குரல் தேவையில்லை, சத்தத்தை அடைத்துவிட்டும் பார்க்கலாம். பந்து எங்கை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

இந்த வருடப் பெருநாள் இறுதிப்போட்டியில் இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்சநேரத்தில் பந்து கோட்டைத் தாண்டிக் கம்பிவேலியில் வந்து மோதியது. நான் ஒலிவாங்கியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். "பந்து வெளியாலை," என்றேன். "மதில் பக்கம், அரைக்கோட்டுக்குக் கிட்ட. கொடி தூக்கியிருக்கிறவர் அந்தோனி மாமா. வயது அறுபதுக்கு மேலை. பந்து போன இடத்துக்கு வாறார். ஓடேல்லை. நடந்து வாறார்."